குரோம், பயர்பொக்ஸ், பிரேவ், எட்ஜ்: திருகோணமலையில் எதைப் போடுவது?

முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். அன்ட்ரொயிட் போனுக்கு பயர்பொக்ஸ், அதற்குள் யூபிளொக் ஒரிஜின் என்ற விளம்பரத் தடுப்பான். செட்டிங்ஸில் கை வைக்கப் பஞ்சிப்படுகிறவர்களுக்கு பிரேவ். தொடர்பாடல் நிலையக் கொம்பியூட்டருக்கும் விடுதி வரவேற்பு மேசைக்கும் குரோமோ எட்ஜோ போதும், ஆனால் திறக்கும் முறையை மாற்ற வேண்டும். யூசி பிரவுசர் இன்னும் போனில் கிடந்தால் மிச்சத்தை வாசிக்கும் முன் அதை அழித்துவிடுங்கள். அது போனின் அடையாள எண்களையும் தேடும் சொற்களையும் குறியாக்கம் செய்யாமல் அனுப்புவதைக் கனடாவின் சிட்டிசன் லாப் ஆய்வகம் 2015இலேயே காட்டிவிட்டது.

வேகம் என்றதும் பலர் பிரவுசரின் வேகத்தை அளக்கும் ஸ்பீடோமீட்டர் சோதனையின் புள்ளிகளைத்தான் எடுத்துப் போடுவார்கள். 2024 மார்ச்சில் வந்த அதன் மூன்றாம் பதிப்பு ஆப்பிள், கூகுள், மொசில்லா எல்லாம் சேர்ந்து செய்த நல்ல சோதனை. ஆனால் பக்கத்தின் கோப்புகள் வந்து சேர்ந்த பிறகு பிரவுசர் செய்யும் வேலையைத்தான் அது அளக்கிறது. நிலாவெளியிலோ மூதூரிலோ மொபைல் டேட்டாவில் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் நேரம் அதற்கு முன்னரே போய்விடுகிறது. செய்தி வருவது ஒரு சேர்வரில் இருந்து. விளம்பரமும் பின்தொடரும் நிரல்களும் வருவது வேறு பல இடங்களில் இருந்து. ஒவ்வோர் இடத்துக்கும் முகவரி தேடி, இணைப்பு எடுத்து, பாதுகாப்புச் சாவி மாற்றிக்கொள்ள வேண்டும். சிக்னல் தளம்பும்போது இந்தப் போய்வரவு ஒவ்வொன்றும் நீளும். தடுப்பான் இருந்தால் அவற்றில் பெரும்பாலானவை நடக்கவே நடக்காது; டேட்டாவும் மிஞ்சும். ஆகவே எங்கள் ஊர் இணைப்புகளில் தனியுரிமையும் வேகமும் ஒரே கேள்விதான்: இந்த பிரவுசர் எதையெல்லாம் ஏற்ற விடாது?

இந்தக் கேள்வியில் குரோம் பின்தங்குகிறது. கூகுள் தன் நீட்சிகளுக்கான (பிரவுசரோடு சேர்த்துப் போடும் சிறு நிரல்கள், எக்ஸ்டென்ஷன்ஸ்) விதிகளை மனிபெஸ்ட் வி3 என்று மாற்றியதால் 2025இல் யூபிளொக் ஒரிஜின் குரோமில் நின்றுபோனது. அதன் இடத்தில் இருக்கும் யூபிளொக் ஒரிஜின் லைட் சாதாரண விளம்பரங்களைப் பிடிக்கும், விடாப்பிடியானவற்றில் சறுக்கும். அன்ட்ரொயிட் போனில் உள்ள குரோமில் நீட்சி போடவே வழியில்லை. நீங்கள் திறக்கும் தளம் அல்லாத விளம்பர நிறுவனங்கள் உங்களைப் பின்தொடரப் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்புகளான மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்தப்போவதாகப் பல வருடம் சொல்லி வந்த கூகுள் அதையும் 2024இல் கைவிட்டது. வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் பாதுகாப்பில் குரோமைக் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்து இயக்குவதில் அது முன்னோடி; 2023 ஓகஸ்ட் முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் வாராவாரம் வருகின்றன.

பயர்பொக்ஸ் 2022 ஜூன் முதல் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனி ஜாடியில் போட்டு மூடுகிறது. ஒரு தளத்தில் ஒட்டிய குக்கியை இன்னொரு தளத்தில் விளம்பர நிறுவனம் வாசிக்க முடியாது. 2023 டிசம்பரில் போனுக்கும் நீட்சிகளைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள். மெனுவில் எக்ஸ்டென்ஷன்ஸ், அங்கே யூபிளொக் ஒரிஜின், அட் என்று அழுத்தினால் சரி. அதற்கு மேல் தடுப்புப் பட்டியல் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. ஒரு குறை: தளங்களைப் பிரித்து அடைக்கும் வேலையில் போன் பதிப்பு குரோமுக்குப் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது. பத்திரிகையாளர், செயற்பாட்டாளர் போன்று குறிவைக்கப்படக்கூடியவர்கள் இதைக் கணக்கில் எடுத்து பிரேவ் பக்கம் போகலாம்.

பிரேவ் குரோமின் அதே குரோமியம் எஞ்சினில் ஓடுகிறது. தடுப்பான் நீட்சியாக இல்லாமல் உள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் மனிபெஸ்ட் மாற்றம் அதைத் தொடவில்லை. நிறுவிய உடனேயே வேலை செய்யும். வீட்டில் அம்மா, அப்பாவின் போனுக்கு இதைவிட லேசான வழி இல்லை. கிரிப்டோ பணப்பை, ரிவார்ட்ஸ், செய்திப் பட்டி என்று கூட வரும் சாமான்களை முதல் நாளே நிறுத்துங்கள். முகவரிப் பட்டியில் கிரிப்டோ தளங்களின் பெயரை எழுதும்போது தன் தரகு இணைப்பைச் சொருகியதற்காக 2020இல் அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அதே ஆண்டில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் டக்ளஸ் லீத் ஆறு பிரவுசர்கள் தம் நிறுவனத்துக்கு என்னென்ன அனுப்புகின்றன என்று பிடித்துப் பார்த்தபோது மிகக் குறைவாக அனுப்பியது பிரேவ்; மோசமான வரிசையில் நின்றவை எட்ஜும் ரஷ்யாவின் யாண்டெக்ஸும்.

தமிழருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலும் உண்டு. குக்கி இல்லாமலேயே திரையளவு, மொழி விருப்பம், கொம்பியூட்டரில் உள்ள எழுத்துருக்கள் ஆகியவற்றைச் சேர்த்து ஒருவரை அடையாளம் காணலாம். விருப்ப மொழி இலங்கைத் தமிழ், கூடவே பாமினியும் இன்னும் பல பழைய எழுத்துருக்களும் என்று ஒரு கணினி இருந்தால் உலகக் கூட்டத்தில் அது தனியாகத் தெரியும். பிரேவ் மொழிப் பட்டியலைச் சுருக்கிக் காட்டும், நீங்கள் நிறுவிய எழுத்துருக்களில் சிலவற்றை மறைக்கும். அதன் பக்கவிளைவு, பாமினியை நம்பி எழுதப்பட்ட பழைய தளங்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியலாம். அந்தத் தளத்துக்கு மட்டும் முகவரிப் பட்டியின் சிங்கத் தலையை அழுத்தி ஷீல்ட்ஸ் என்ற பிரேவின் தடுப்பை நிறுத்துங்கள்.

அட்டையால் பணம் கட்டும்போதும் இதே வைத்தியம். ஓடிபி கேட்கும் பெட்டி வங்கியின் வேறு முகவரியில் இருந்து வருவதால் கடும் தடுப்பில் அது வெள்ளையாக நின்றுவிடும். பயர்பொக்ஸில் கேடயக் குறியை அழுத்தி அந்தத் தளத்துக்குத் தடுப்பை நிறுத்தி, கட்டி முடித்ததும் திரும்பப் போடுங்கள். பாதியில் நின்ற பக்கத்தை ரீலோட் செய்ய முன் வங்கி எஸ்எம்எஸ்ஸைப் பாருங்கள். பணம் ஏற்கனவே கழிந்திருக்கக்கூடும்.

இனிக் கடைக் கொம்பியூட்டர். என்சி வீதியிலோ கிண்ணியாவிலோ ஒரு தொடர்பாடல் நிலையத்தில் நாள் முழுக்கப் பலர் தங்கள் மின்னஞ்சலைத் திறந்து விண்ணப்பம் நிரப்புகிறார்கள். இங்கே கெஸ்ட் மோட், அதாவது மூடியதும் தடயத்தை அழித்துவிடும் விருந்தினர் முறை, கட்டாயம். டெஸ்க்டொப்பில் உள்ள குரோம் குறியை வலது கிளிக் செய்து, புரொப்பட்டீஸ், ஷோர்ட்கட், டார்கெட் பெட்டியின் கடைசியில் ஓர் இடைவெளி, இரண்டு சிறு கோடு, ஒட்டினாற்போல் கெஸ்ட் என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் எழுதிச் சேமித்தால், அந்தக் குறி எப்போதும் கெஸ்டாகவே திறக்கும். எட்ஜுக்கும் இதே முறைதான். ஒவ்வொருவர் போனதும் எல்லா சாளரங்களையும் மூட வேண்டும். மூடும்போதுதான் குக்கியும் வரலாறும் அழியும். கெஸ்ட் அழிக்காத ஒன்று, டவுன்லோட்ஸ் கோப்புறை. அடையாள அட்டைப் பிரதியும் பாஸ்போட் விண்ணப்பமும் அங்கேயே கிடக்கும். அதை ஒவ்வொரு மாலையும் வெறுமையாக்குங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து.

உப்புவெளி, நிலாவெளி விடுதிகளில் நிலைமை வேறு. அங்கே முன்பதிவுக் கணக்கில் எப்போதும் உள்நுழைந்தே இருக்க வேண்டும். அதற்கென பிரவுசரில் ஒரு தனி புரொபைல் (பயனர் கணக்கு). விருந்தினர் போர்டிங் பாஸ் அச்சடிக்கக் கேட்டால் கெஸ்ட். விண்டோஸுக்குக் கடவுச்சொல் போடாத கணினியில் குரோம் சேமித்தவற்றை யாரும் திறந்து பார்க்கலாம். பயர்பொக்ஸ் வைத்திருப்பவர்கள் சேமித்த கடவுச்சொற்களைப் பூட்டும் பிரைமரி பாஸ்வேர்டை இயக்க வேண்டும். அது தானாக இயங்காது. கிராக் மென்பொருள் போட்ட கணினியில் எந்த பிரவுசரிலும் கடவுச்சொல் சேமிக்காதீர்கள். அவற்றோடு வரும் திருட்டு நிரல்கள் முதலில் தேடுவது அந்தக் கோப்பைத்தான்.

4 ஜிபி ரெம் உள்ள பழைய மடிக்கணினிக்கு எட்ஜ் மோசமில்லை. பாவிக்காத டாப்களை உறங்க வைக்கும் ஸ்லீப்பிங் டாப்ஸை 5 நிமிடத்துக்குக் குறைத்தால் மூச்சு விடும். ஷொப்பிங் உதவியாளர், முகப்புச் செய்திகள் இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு மாற்றினால் கிடைக்கும் வேகத்தை எந்த பிரவுசரும் தராது.

ஒபேரா மினியின் எக்ஸ்ட்ரீம் முறை டேட்டாவை உண்மையிலேயே மிச்சம் பிடிக்கும், ஏனென்றால் பக்கத்தை ஒபேராவின் சேர்வர் திறந்து சுருக்கி அனுப்புகிறது. அதாவது உங்களுக்கும் தளத்துக்கும் நடுவில் ஒபேரா உட்கார்ந்திருக்கிறது. கிரிக்கெட் ஸ்கோர் பார்க்கலாம், வங்கிக்கு வேண்டாம். ஐபோனில் இங்கே எல்லா பிரவுசரும் சபாரியின் வெப்கிட் எஞ்சினில்தான் ஓடுகின்றன. சபாரியோடு இருந்துகொண்டு ஒரு கொன்டென்ட் புளொக்கர் (விளம்பரத் தடுப்புச் செயலி) போட்டால் போதும்.

எந்த பிரவுசரைத் தெரிவு செய்தாலும் தளங்கள் அனுப்பும் அறிவிப்புகளை நிறுத்துங்கள். செய்தித் தளத்தில் தெரியாமல் அலவ் அழுத்தியதால்தான் பலரது போனில் வைரஸ் எச்சரிக்கை என்று விளம்பரம் குதிக்கிறது. செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நொட்டிபிகேஷன்ஸ் என்று போய் அனுமதி பெற்ற தளங்களை நீக்கி, கேட்கவே விடாதபடி மாற்றலாம்.

கொம்பியூட்டரில் குரோமில் இருந்து மாறுகிறவர்கள் புக்மார்க், கடவுச்சொல் எல்லாவற்றையும் பயர்பொக்ஸின் இம்போர்ட் வழியாக எடுக்கலாம். கடவுச்சொற்கள் நேரே வராவிட்டால் குரோமின் பாஸ்வேர்ட் மனேஜரில் இருந்து சிஎஸ்வி கோப்பாக இறக்கிக் கொடுக்க வேண்டும். அந்தக் கோப்பில் எல்லாக் கடவுச்சொல்லும் வெறும் எழுத்தாக இருக்கும். ஏற்றி முடித்த கையோடு ஷிப்டை அழுத்திக்கொண்டு டிலீட் அடியுங்கள்.