குவில்ட் பிளாக்: வீட்டில் தைத்துக் கொண்டுவருவதா, கூடி உட்கார்ந்து தைப்பதா?

தோழிகள் சேர்ந்து ஒரு குவில்ட், அதாவது துண்டுத்துணிகளை இணைத்து அடுக்காகத் தைக்கும் போர்வை, தைக்கலாம் என்று பேச்சு எழுந்ததுமே இந்தக் கேள்வி வந்துவிடும். துண்டுகளைச் சேர்த்துத் தைத்த சதுரம்தான் பிளாக். ஆளுக்கு இரண்டு மூன்று பிளாக்கை அவரவர் வீட்டில், அவரவர் துணியில் தைத்துக் கொண்டுவந்து இணைப்பதா? இல்லை, ஒரு வீட்டில் கூடி, ஒரே குவியலிலிருந்து வெட்டி, அங்கேயே தைப்பதா? எங்கள் குழுவில் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறோம். இப்போது கூடித் தைப்பதுதான் வழக்கம். என் ஓட்டும் அதற்குத்தான்.

வீட்டில் தைப்பதன் வசதியை விளக்கத் தேவையில்லை. வேளச்சேரிக்காரரும் அண்ணாநகர்க்காரரும் ஞாயிற்றுக்கிழமை அலைய வேண்டாம். பிள்ளைகள் தூங்கிய பிறகு மெஷினில் உட்காரலாம். பிளாக்குக்குப் பிளாக் ஒவ்வொருவர் ரசனையும் தெரியும். கூடித் தைத்தால் காபியும் பேச்சும் உண்டு, வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். சரி, இது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அளவு விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வரிசைக்கு மூன்றாக மூன்று வரிசை வரும் ஒன்பது சதுர பிளாக்கை எடுத்துக்கொள்ளுங்கள். நாலரை இஞ்ச் சதுரங்களைக் கால் இஞ்ச் தையலில் சேர்த்தால் பன்னிரண்டரை இஞ்ச் வரும். ஆனால் ரவிக்கை தைத்துப் பழகிய கை, பின்னால் பிரித்துவிட வேண்டியிருக்குமே என்று உள்ளே கூடுதலாகத் துணி விட்டுத்தான் தைக்கும். கால் இஞ்சுக்குப் பதில் காலே அரைக்கால் என்று ஏறி, ஒரு தையலுக்கு அரைக்கால் இஞ்ச் கூடிப்போனால், அது இரண்டு பக்கத் துணியையும் தின்னும். இரண்டு தையலில் அரை இஞ்ச் காலி. கூடி உட்கார்ந்தால் மெஷின் தகட்டில் ஊசியிலிருந்து கால் இஞ்ச் தூரத்தில் ஒரு டேப் ஒட்டிவிடுகிறோம். யார் உட்கார்ந்தாலும் துணியோரம் அந்த டேப்பை உரசியபடி போகும்.

ஆனாலும் அளவு தவறினால் பிரித்துத் தைக்கலாம், ஓரத்தில் ஒரு பட்டை வைத்துச் சமாளிக்கலாம். என்னை ஒரு பக்கம் சாய்த்தது துவைப்பு.

சென்னையில் போர்வை என்றால் வியர்வைபடும், அடிக்கடி வாளிக்குள் போகும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்தால் மூன்று அடுக்குத் துணி ஒரே நாளில் காயாது. ஈரத்தோடு மடிந்து கிடக்கும்போது அடர்நிறம் பக்கத்துத் துண்டுக்கு மெதுவாக இறங்கும். சாயம் போவதில் நம் ஊர்த் துணிக்குப் பெயரே உண்டு. 1960களில் அமெரிக்காவில் நம் கட்டம் போட்ட துணியை, துவைக்கத் துவைக்க நிறம் கலங்குவதையே சிறப்பாகச் சொல்லி ‘பிளீடிங் மெட்ராஸ்’ என்று விற்றார்கள். சட்டையில் அது அழகுதான். வெள்ளைத் துண்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தைத்தால் தாங்காது.

எங்கள் முதல் குவில்ட், வீடுவீடாகத் தைத்து வந்த பிளாக்குகளால் ஆனது. விரித்தபோது கண்ணைப் பறித்தது. அதில் ஒரு பிளாக்கில் அரக்கு நிறச் சுங்குடித் துண்டு, அதை ஒட்டி வெள்ளைக் காடா. முதல் துவைப்பிலேயே வெள்ளையில் தையலோரமாக ரோஸ் நிறம் ஏறிவிட்டது. இன்னொன்றில் கைத்தறித் துண்டு சுருங்கி, பக்கத்துப் பாப்ளினை இழுத்துக்கொண்டு நின்றது. எது துவைத்த துணி, எது துவைக்காதது என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. பாதி, டெய்லர் கடை வெட்டுத்துணி.

கூடித் தைக்கும்போது துணி எல்லாம் முதலில் ஒரே வீட்டுக்கு வருகிறது. கோடவுன் தெருவில் வாங்கிய புதுத்துணியோ, பீரோவிலிருந்து எடுத்த பழைய டூ பை டூ பிட்டோ, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வெந்நீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுகிறோம். கல்லுப்பு போட்டால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சாயம் ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் நிறத்தை அது பிடித்து வைக்காது, அலசித்தான் வெளியேற்ற வேண்டும். அப்புறம் ஈரத்துணியை வெள்ளைக் கைக்குட்டைமேல் வைத்துச் சூடாக இஸ்திரி போடுகிறோம். கைக்குட்டையில் நிறம் இறங்கினால், எவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய துணியானாலும் குவில்ட்டுக்குள் வராது.

இதையே வாட்ஸ்அப்பில் எழுதிவிட்டு அவரவர் வீட்டில் செய்யச் சொல்லலாமே என்று கேட்பீர்கள். சொன்னோம். “துவைச்சாச்சு அக்கா” என்று பதில் வரும். பச்சைத்தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்ததும் அவர்களுக்குத் துவைத்த கணக்குதான்.

வீட்டில் தைப்பது குறைந்த முறை என்று நான் சொல்லவில்லை. 1987-இல் அமெரிக்காவில் தொடங்கிய எய்ட்ஸ் நினைவுக் குவில்ட் அப்படித்தான் வளர்ந்தது. எங்கெங்கோ இருந்தவர்கள் இழந்தவர்களின் நினைவாக மூன்றடிக்கு ஆறடி என்ற ஒரே அளவில் தைத்து அனுப்பினார்கள். ஆனால் அது பார்த்து நினைவுகூர விரித்து வைப்பது. கட்டிலில் போட்டுப் புழங்குவதற்குத்தான் என் கணக்கு. சுவரில் மாட்ட நினைப்பவர்கள் தாராளமாக வீட்டிலேயே தைக்கலாம்.

பஞ்சு ஷீட் வைத்த குவில்ட்டுக்கும் இதே கணக்கு சரிவருமா என்று அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. இந்த ஊர் வெக்கைக்கு நாங்கள் நடுவில் பழைய பருத்திப் புடவைதான் வைக்கிறோம். ஒருவர் நடுத்துண்டைத் தைத்து, அடுத்தவர் அதைச் சுற்றிக் கூட்டிக்கொண்டே போகும் முறையும் உண்டு. அதைச் சிறிய அளவில்தான் செய்திருக்கிறோம், நன்றாகவே வந்தது.

ஊர் மாறிப் போன தோழியை விட்டுவிட மனம் வராதல்லவா? அவருக்கு அலசி, இஸ்திரி போட்டு, நாலரை இஞ்சில் வெட்டிய துண்டுகளையே கூரியரில் அனுப்புகிறோம். கூடவே, மெஷினில் ஒட்டிக்கொள்ள அந்த டேப்பில் ஒரு துண்டு.