ஒன்பது மாதச் சேமிப்பு போய்விட்டது: தொழில் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மாலை அவர்களிடமிருந்து கடைசி பதில் வந்தது. "உங்கள் கோரிக்கை முடித்து வைக்கப்பட்டது" என்று ஒரே வரி. கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிறுதொழில் செய்பவர்களுக்கு ஆன்லைனில் பயிற்சி தரும் ஒரு நிறுவனத்திடம் என் ஒன்பது மாதச் சேமிப்பைக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். பெயர் போடவில்லை. இந்த மாதிரி ஆட்களை எப்படி அடையாளம் காண்பது என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நான் துணிப்பை தைத்து மொத்தமாகக் கடைகளுக்குக் கொடுக்கிறேன். ஆர்டர் நன்றாகவே வருகிறது, ஆனால் கையில் பணம் நிற்பதில்லை. துணிக்கும் தையல் கூலிக்கும் உடனே கொடுக்க வேண்டும். கடைகளிலிருந்து பணம் வர 60 நாள் ஆகும். இந்தக் குழப்பத்தில் இருந்தபோதுதான் அவர்களுடைய இரண்டு மணி நேர இலவச வகுப்பு கண்ணில் பட்டது.

வகுப்பு முடிந்த மறுநாள் அந்தப் பயிற்சியாளரே போன் செய்தார். "மேடம், ராத்திரி தூங்குறீங்களா?" என்பதுதான் முதல் கேள்வி. வீட்டில்கூட என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அழுதுவிட்டேன். நாற்பது நிமிடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நானும் இதே இடத்துல நின்னவன்தான்" என்றார். அந்த வார்த்தையை முழுசாக நம்பினேன். இப்போது யோசித்தால், என் வரவு செலவு பற்றி அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சேமிப்பு எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கட்டணமும் கிட்டத்தட்ட அதே தொகையாக வந்தது! மூன்று இடம்தான் மிச்சம், சலுகை இன்று இரவு 12 மணி வரைதான் என்றார். 11:40க்குக் கார்டில் கட்டினேன். இரண்டு வாரம் கழித்து அதே சலுகை, அதே மூன்று இடம், விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கட்டிய பிறகு அவர் குரலையே கேட்கவில்லை. பதிவு செய்த வீடியோக்கள், வாரம் ஒருமுறை எண்பது பேர் கூடும் ஜூம் கூட்டம், அவ்வளவுதான். அதை நடத்தியவர் போன வருடம் இதே பயிற்சியில் சேர்ந்தவராம். எல்லாருக்கும் ஒரே மருந்து: விளம்பரம் போடுங்கள், விற்பனையைக் கூட்டுங்கள். கூட்டினேன். ஆர்டர் கூடக் கூட, கைக்காசைப் போட்டுத் துணி வாங்குவதும் கூடியது. பணமோ அதே 60 நாள் கழித்துத்தான். நெருக்கடி இரண்டு மடங்கானது. பயிற்சித் தளத்தின் குழுவில் கேட்டதற்கு, "பணத்தைப் பற்றிய பயம்தான் உங்கள் தடை" என்றார்கள். மறுபடி கேட்டேன். "எதிர்மறை எண்ணத்தைப் பரப்பாதீர்கள்." மூன்றாம் முறை கேட்டபோது என் கணக்கையே மூடிவிட்டார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 100% உத்தரவாதம் என்று சொல்லித்தானே வாங்கினார்கள்? விதிமுறையில் வேறு இருக்கிறதாம்: 30 நாளுக்குள் 12 பாடங்களையும் முடித்திருக்க வேண்டும். பாடமோ வாரத்துக்கு ஒன்றுதான் திறக்கும். எப்படி முடிப்பது என்று கேட்டு ஆறு மின்னஞ்சல் அனுப்பினேன். "மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம்", "சம்பந்தப்பட்டவர் விடுப்பில் இருக்கிறார்", அப்புறம் நேற்று அந்த ஒரு வரி. ஒன்பது மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம்.

போன வாரம் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் போனேன். உட்கார்ந்ததுமே வங்கிக் கணக்கையும் வரவேண்டிய பாக்கிப் பட்டியலையும் கேட்டார். அரை மணி நேரத்தில் சொல்லிவிட்டார்: "லாபம் இருக்கும்மா. நடைமுறை மூலதனம், அதாவது அன்றாடம் தொழிலை ஓட்டக் கையில வேண்டிய பணம், அதுதான் பத்தல." புது ஆர்டருக்குப் பாதி முன்பணம் வாங்கு, துணிக்காரரிடம் 30 நாள் தவணை கேள், ரெண்டுக்கும் ஒத்துவராத ஆர்டரை விட்டுவிடு என்றார். எனக்கு வேண்டியிருந்தது இது மட்டும்தான். பயிற்சியாளர் வகுப்பில் காட்டிய சான்றிதழைப் பார்த்து மயங்கியவள் நான். பயிற்சியாளர் என்று போட்டுக்கொள்ளப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் எதுவும் வேண்டாம். முறையான அமைப்புகள் தரும் சான்றிதழ்கூட, கேள்வி கேட்டு ஒருவரைச் சிந்திக்க வைக்கும் திறமைக்குத்தான். உங்கள் தொழிலின் கணக்கு அவருக்குப் புரியும் என்பதற்கு இல்லை.

விவரமாக எழுத இப்போது மனசில் தெம்பில்லை. இவற்றையாவது பாருங்கள். கணக்கைப் பார்க்காமல் தீர்வு சொல்பவரிடம் பணம் கட்டாதீர்கள். இன்றிரவே கட்டு என்றால் போனை வைத்துவிடுங்கள். பாராட்டு வீடியோவை விட்டுவிட்டு, உங்கள் தொழிலையே செய்யும் பழைய மாணவர் ஒருவரோடு நேரடியாகப் பேசுங்கள். பணம் திருப்பித் தரும் நிபந்தனையைக் கட்டும் முன்பே படியுங்கள். கார்டில் கட்டியிருந்தால் வங்கியில் சார்ஜ்பேக் (கட்டிய பணத்தை வங்கி மூலமாகவே திரும்பப் பெறும் முறை) கேட்கலாம், அதற்குக் கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள். குழுவில் பேசியதையெல்லாம் அன்றன்றே ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நான் எடுக்கவில்லை. ரசீதும் அந்த ஆறு மின்னஞ்சலும்தான் என்னிடம் இருக்கின்றன. நாளை காலை அவற்றோடு வங்கிக்குப் போகிறேன்.