ஓபி நேரம் போக மூன்று வருடம்: மனநல மரபியலும் ஏஐயும் படித்த அனுபவம்

தென் மாவட்டம் ஒன்றில் ஓபி பார்க்கும் மனநல மருத்துவர் நான். கம்ப்யூட்டர் என்றால் டிஸ்சார்ஜ் சம்மரி டைப் செய்யவும் பிபிடி போடவும்தான் தெரியும். 2022-இல் சைக்கியாட்ரிக் ஜீனோமிக்ஸ் கன்சார்ட்டியம் என்ற பன்னாட்டு ஆய்வுக் கூட்டமைப்பின் ஸ்கிசோஃப்ரினியா (மனச்சிதைவு) ஆய்வு நேச்சர் இதழில் வந்தது. 76,755 நோயாளிகள், நோயில்லாதவர்கள் 2,43,649 பேர், மரபணுத் தொகுதியில் நோயோடு தொடர்புள்ள 287 இடங்கள். தினமும் நான் பார்க்கும் நோய்தான். ஆனால் எப்படிச் செய்தார்கள் என்று எழுதியிருந்த பகுதியில் ஒரு பத்திகூட விளங்கவில்லை. அந்த வெட்கத்தில் ஆரம்பித்தது. இப்போது பிஜி பசங்க "படிக்கலாமா சார்?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம்.

முதலில் பணம் கட்டி ஒரு சர்டிஃபிகேட் கோர்ஸில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். தலைப்பில் மரபியலும் இருந்தது, ஏஐயும் இருந்தது. பாடத்தில் வேறு யாரோ செய்த ஸ்லைடுகள் இருந்தன. ஆறு வாரத்தில் சான்றிதழ் வந்தது, ஒரு ஃபைலைக்கூடத் திறந்திருக்கவில்லை.

உண்மையில் கற்றுக்கொடுத்தது இலவசமாகக் கிடைத்ததுதான். பாலிஜெனிக் ஸ்கோர் (பல மரபணு மாறுபாடுகளின் சிறுசிறு தாக்கங்களைக் கூட்டி ஒருவருக்குப் போடும் மதிப்பெண்) கணக்கிடுவதற்கு சோய், மாக், ஓரைலி மூவரும் 2020-இல் எழுதிய வழிகாட்டி. டேட்டாவைச் சுத்தம் செய்வதில் தொடங்கி, பிளிங்க், பிஆர்சைஸ், எல்டிப்ரெட் என்ற மென்பொருள்களில் ஒவ்வொரு கமாண்டாக அடித்துப் பார்க்கலாம். நோயாளி டேட்டா கிடையாது, உயரத்தை வைத்துச் செய்த பயிற்சி டேட்டா. மனநல மருத்துவனுக்கு உயரம் எதற்கு என்று முதலில் சலிப்பாக இருந்தது. நோயைப் பற்றிய என் முன்முடிவு எதுவும் குறுக்கே வராமல் முறையை மட்டும் பார்க்க முடிந்தது என்பது பிறகுதான் புரிந்தது. முதல் மூன்று மாதம் டெர்மினலின் கறுப்புத் திரையோடு மல்லுக்கட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வந்துகொண்டிருந்த எரருக்குக் காரணம், ஃபோல்டர் பெயரில் நான் விட்டிருந்த ஒரு இடைவெளி.

அதன் பிறகு, நான் பங்கேற்கும் ஒரு சிறிய கூட்டு ஆய்வின் டேட்டாவில் கை வைத்தேன். வழிகாட்டி சொன்னபடியே வரிசையாகச் செய்தேன். அதில் ஒரு படி உண்டு: இரு பெற்றோரிடமிருந்து வரும் மரபணுப் பிரதிகள் ஒருவருக்கு எவ்வளவு வேறுபடுகின்றன என்று அளந்து, சராசரியிலிருந்து மூன்று ஸ்டாண்டர்ட் டீவியேஷனுக்கு (திட்ட விலக்கம்) அப்பால் விழுபவர்களை நீக்க வேண்டும். மாதிரி கலப்படமாகியிருந்தால் அதில் சிக்கும். நீக்கப்பட்டவர்களின் பட்டியலை எதற்கும் பார்ப்போமே என்று கேஸ் ஷீட்டோடு ஒப்பிட்டேன். வரிசையாக ஒரே பதில்: 'பெற்றோர் உறவுமுறைத் திருமணம்: ஆம்'. தாய்மாமனைக் கட்டியவரின் பிள்ளைக்கு மரபணுவில் எட்டில் ஒரு பங்கு இரு பக்கமும் ஒன்றாகவே இருக்க வாய்ப்புண்டு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் என்றால் பதினாறில் ஒரு பங்கு. நம் ஊரில் இது கலப்படமா? மாதிரியில் குறை இல்லை, குடும்பம் அப்படி. வேறுபாடு அதிகமாக இருப்பவர்களை மட்டும் நீக்கிவிட்டு, குறைவாக இருப்பவர்களைத் தனியாகச் சரிபார்த்து வைத்துக்கொண்டோம். வழிகாட்டியில் தவறில்லை. அது எந்த மக்களை மனதில் வைத்து எழுதப்பட்டதோ, அவர்களுக்குச் சரி. கண்ணை மூடிக்கொண்டு கமாண்ட் அடித்திருந்தால் எங்கள் ஓபியில் பாதிப் பேரை ஆய்விலிருந்து வெளியே அனுப்பியிருப்பேன். பாதி என்பது கோபத்தில் சொல்வது, ஆனாலும் கணிசம்.

ஏஐ பக்கம் வந்தது இரண்டாம் வருடம். பைத்தானில் நான் போட்ட முதல் மாடல் ஏயுசி (பிரித்தறியும் திறனின் அளவு, 1 என்றால் முழுமை) 0.97 காட்டியது. நோயாளி யார், நோயில்லாதவர் யார் என்று ஏறக்குறையத் தவறே இல்லாமல் பிரித்தது. டேட்டாவைத் துண்டு துண்டாகப் பிரித்து மாற்றி மாற்றிச் சோதிக்கும் கிராஸ் வேலிடேஷனும் செய்திருந்தேன். வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது, என் அம்மாவிடம் உட்பட. மறுநாள் எங்கள் குழுவில் இருக்கும் புள்ளியியல்காரர், வயதில் என்னைவிட ரொம்பச் சின்னப் பெண், ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சார், கேஸ் எல்லாம் எந்த சிப்ல ஓட்டினது?"

"பழைய சிப்."

"கண்ட்ரோல்?"

சிப் என்பது மரபணு மாதிரியை வாசிக்கும் தகடு. கண்ட்ரோல், அதாவது நோயில்லாதவர்கள், எல்லாம் புது சிப்பில். பதில் சொல்லும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. இரண்டாவது பேட்ச்சோடு சேர்த்து, புது சிப்பில் மறுபடி ஓட்டிய நோயாளி மாதிரிகள் சில இருந்தன. அவற்றை மாடலிடம் கொடுத்தார். அத்தனை பேருக்கும் 'நோய் இல்லை' என்றது. பாவம், மாடல் கற்றுக்கொண்டது ஸ்கிசோஃப்ரினியாவை அல்ல, சிப்பின் மாடல் நம்பரை. ஒரே டேட்டாவை எத்தனை துண்டாக வெட்டிச் சோதித்தாலும் இது பிடிபடாது, ஏனென்றால் எல்லாத் துண்டிலும் அதே கோளாறு இருக்கும். புது சிப்பில் ஓட்டிய மாதிரிகளை மட்டும் வைத்து மறுபடி பார்த்தபோது 0.97 கரைந்துபோனது. எவ்வளவுக்கு என்று கேட்காதீர்கள்.

கோட் எழுத சாட்பாட் உதவுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். உதவும். இல்லாத ஆப்ஷனை இருப்பதாகச் சொன்னால் பரவாயில்லை, எரர் வந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை, பயிற்சி டேட்டா, சோதனை டேட்டா என்று பிரிப்பதற்கு முன்பே மொத்தத்தையும் நார்மலைஸ் செய்யும் (ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவரும்) கோடை எழுதிக் கொடுத்தது. எரரே வரவில்லை, அழகாக ஓடியது. சோதனைத் தாள் முன்கூட்டியே கசிந்த கதைதான். என்ன எழுதியிருக்கிறது என்று வரிவரியாக வாசிக்கத் தெரியாதவர்கள் அதை நம்ப வேண்டாம்.

ஸ்கோரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே, நோய்க்கான வாய்ப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதில் சுமார் 7 சதவீதத்தைத்தான் ஸ்கிசோஃப்ரினியா ஸ்கோர் விளக்குகிறது. நம்மிடம் வந்தால் இன்னும் சரியும். உயரம், ரத்த அளவுகள் போன்ற பண்புகளுக்கு 2019-இல் அலிசியா மார்ட்டின் குழு கணக்கிட்டபோது, தெற்காசியர்களுக்குத் துல்லியம் ஐரோப்பியர்களைவிடச் சுமார் 37 சதவீதம் குறைவு. ஒப்பிட நமக்கென்று பொதுவெளியில் இருப்பது என்ன? ஆயிரம் ஜீனோம் திட்டத்தில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் 102 பேர் இருக்கிறார்கள். அவர்களை நான் நன்றியோடு பயன்படுத்தாத மாதம் இல்லை. 2025 ஜனவரியில் ஜீனோம் இந்தியாவின் 10,000 பேர் டேட்டா ஆய்வாளர்களுக்குத் திறக்கப்பட்டது பெரிய விஷயம்.

ஆகவே ஓபியில் யாருக்கும் நான் பாலிஜெனிக் ஸ்கோர் பார்ப்பதில்லை. மூன்று வருடம் படித்துவிட்டு இதைச் சொல்வது விசித்திரம்தான். "அண்ணனுக்கு வந்திருக்கு, தங்கச்சிக்கும் வருமா டாக்டர்?" என்று அம்மாக்கள் கேட்டால் முன்பெல்லாம் மென்று விழுங்குவேன். இப்போது நூறு சின்ன வட்டங்கள் போட்ட ஒரு தாளை மேஜையில் வைத்திருக்கிறேன். கூடப்பிறந்தவருக்கு இருந்தால் நூற்றில் ஏறக்குறைய ஒன்பது என்று எண்ணி நிழலடித்துக் காட்டுகிறேன். ஒரு அம்மா நிழலடிக்காத வட்டங்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டே போனார். நான் நிறுத்தவில்லை.

உடனே பயன்பட்டது வேறு இரண்டு. கார்பமாசெபின் மாத்திரை எழுதும் முன் எச்எல்ஏ-பி 15:02 ஞாபகம் வருகிறது, அந்த மரபணு வகை உள்ளவர்களுக்கு அம்மருந்தால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம். இன்னொன்று 22க்யூ11 டெலீஷன். குரோமோசோம் 22-இல் ஒரு துண்டு இல்லாத இவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மனச்சிதைவு வருகிறது. அண்ணத்திலும் இதயத்திலும் பிறவிக் கோளாறு பலருக்கு உண்டு. "சின்ன வயசுல அண்ணத்துல, இதயத்துல ஏதாவது ஆபரேஷன் பண்ணாங்களாம்மா?" என்று இப்போது வழக்கமாகக் கேட்கிறேன். போன வருடம் ஒரு பெண்ணின் அம்மா தலையாட்டினார். இருபத்துமூன்று வயது, மூக்கால் பேசுவது போன்ற குரல், பழைய சீட்டில் இரண்டு முறை வலிப்பு. குளோசபின் ஆரம்பிக்கும் யோசனையில் இருந்தோம், அதுவும் வலிப்பைத் தூண்டக்கூடிய மருந்து. இந்த டெலீஷனில் கால்சியம் குறைந்தும் வலிப்பு வரும் என்பதால் முதலில் கால்சியம் பார்க்கச் சொன்னேன், குறைவாக வந்தது. டெலீஷன் டெஸ்ட்டும் பாசிட்டிவ்.

சேர நினைக்கும் பசங்களுக்கு: பெரிய லேப்டாப் வாங்க வேண்டாம், என் 8 ஜிபியே முதல் ஒரு வருடம் தாங்கியது. எல்டிப்ரெட் ஓட்டும்போது மட்டும் மூச்சுவாங்கும், அதற்குக் காலேஜ் சர்வரில் இடம் கேளுங்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்க முடியாதென்றால் தொடங்காதீர்கள். தொடங்குவதென்றால் ஒரு புள்ளியியல்காரரோடு தொடங்குங்கள். எந்த சிப் என்று கேட்க ஆள் வேண்டும்.