பினாங்குக்கு இரண்டு ராத்திரி: முதுகுப்பையா, ட்ரோலியா, தூக்குப்பையா?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஒரு வார இறுதி போய்வரலாம் என்று வீட்டில் பேச்செடுத்தால், அடுத்த நிமிஷமே எத்தனை சட்டை, எந்தப் புடவை என்று துணிமணிக்குத் தாவிவிடுகிறோம். முதலில் முடிவாக வேண்டியது பை. பெரிய பையை எடுத்து வைத்துவிட்டால் காலி இடத்தைப் பார்த்து மனசு கேட்காது. அதை நிரப்பத்தான் பார்க்கும். ஆகவே இரண்டே கேள்விகள். பை காலியாக இருக்கும்போது எவ்வளவு கனம்? அதைக் கொண்டு எந்தத் தரையில் நடக்கப் போகிறோம்?

கனத்தை முதலில் பார்ப்போம். ஏர்ஏசியா விமானத்தில் கையோடு கொண்டுபோகும் இரண்டு பைகளும் சேர்ந்து 7 கிலோதான். பெரிய பை 56 × 36 × 23 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 20 அங்குல ட்ரோலி ஒன்று, உள்ளே ஒரு கைக்குட்டைகூட இல்லாமல், இரண்டரையிலிருந்து மூன்று கிலோ வரும். சக்கரம், இழுக்கும் கம்பி, கெட்டி ஓடு எல்லாவற்றுக்கும் நம் 7 கிலோவிலிருந்துதான் பங்கு போகிறது. மிச்சம் நாலு கிலோ. அதில் மடிக்கணினியும் சார்ஜரும் இரண்டு கிலோவை எடுத்துக்கொண்டால் துணிக்கு என்ன இருக்கிறது? 30 லிட்டர் முதுகுப்பை ஒரு கிலோவுக்குப் பக்கத்தில் நின்றுவிடும். அதே டிக்கெட்டில் கிட்டத்தட்ட இரண்டு கிலோ லாபம். ஒரு ஜீன்ஸ், நாலைந்து டீ-சட்டை, ஒரு கைலி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும்.

இனி தரை. இங்கேதான் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் மற்ற ஊர்களிலிருந்து வேறுபடுகிறது. கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வழவழப்பான தரை, லிப்ட், நகரும் படிக்கட்டு. ட்ரோலி தானாக ஓடும். இடிஎஸ் விரைவு ரயிலில் நாலு மணி நேரத்துக்குச் சற்று மேலே போனால், கடலுக்கு இப்பக்கம் உள்ள பட்டர்வொர்த். அங்கிருந்து பினாங்கு சென்ட்ரல் முனையம் வழியாக மேம்பால நடையில் பெர்ரிக்குப் போகும்வரைகூடப் பரவாயில்லை. கடலைத் தாண்டி இறங்கி, சூலியா ஸ்ட்ரீட் பக்கம் நடக்க ஆரம்பித்தால் கதை மாறும். பழைய கடைவீடுகளின் முன்னால் ஓடுகிற ஐந்தடி நடைபாதை பெயருக்குத்தான் ஒரே நடைபாதை. ஒவ்வொரு கடைக்காரர் வாசலும் ஒவ்வொரு உயரம். நாலு எட்டு வைத்தால் ஒரு படி ஏறும், அடுத்த கடையில் அரைப்படி இறங்கும். நடுவில் மோட்டார் சைக்கிள், பூந்தொட்டி, சாப்பாட்டுக் கடையின் மேசை. அதைத் தவிர்த்து ரோட்டில் இறங்கினால் ஓரத்துச் சாக்கடை மூடியின் இடுக்கில் சக்கரம் மாட்டிக்கொள்ளும். சக்கரம் உருளும் தூரத்தைவிட நீங்கள் பெட்டியைக் கையில் தூக்கும் தூரம்தான் அதிகம். லவ் லேன் பக்கத்துப் பழைய வீட்டு விடுதியில் அறை எடுத்திருந்தால் இன்னும் ஒன்று: பல இடங்களில் லிப்ட் கிடையாது. செங்குத்தான மரப்படியில் பெட்டியை மார்போடு அணைத்து ஏற வேண்டும். முதுகுப்பைக்காரர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறிப்போய்விடுவார்.

அதற்காக முதுகுப்பைக்குக் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பினாங்கு வெயிலில் பத்து நிமிஷம் நடந்தால் முதுகுச் சட்டை தொப்பலாகிவிடும். ரயில் பதினொரு மணிக்கு வந்து அறை பிற்பகலில்தான் கிடைக்கும் என்றால், பையை விடுதியில் ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றப் போங்கள். பெரும்பாலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். மழைக்கு வெளியுறை வாங்குகிறவர்கள் உண்டு. ஆனாலும் முதுகுப் பக்கம் வழியாகப் பைக்குள் தண்ணீர் இறங்கும். பைக்குள்ளே ஒரு பெரிய குப்பைப் பையை விரித்து, அதற்குள் துணியை வைத்து வாயை முறுக்கிவிடுவது அதைவிட உத்தமம், செலவும் இல்லை. அப்புறம், மேலே மட்டும் திறக்கும் முதுகுப்பை வேண்டாம். அடியில் கிடக்கும் காலுறைக்காக எல்லாவற்றையும் வெளியே கொட்ட வேண்டியிருக்கும். மூன்று பக்கமும் ஜிப் ஓடி, பெட்டி மாதிரி விரியத் திறப்பதே நல்லது.

ட்ரோலிதான் சரி என்று நான் தயங்காமல் சொல்லும் இடமும் உண்டு: கல்யாணம். பட்டுப்புடவையைச் சுருட்டி முதுகுப்பையில் திணித்தால் ஜரிகையில் விழுகிற மடிப்பு தேய்த்தாலும் எளிதில் போகாது. ட்ரோலியின் தட்டையான பக்கத்தில், பழைய வேட்டி ஒன்றில் சுற்றி, கனமான எதையும் மேலே வைக்காமல் படுக்கப் போட்டால் எடுத்து உடுத்திக்கொள்ளலாம். விமானத்தில் போவதானால் பெட்டியைப் போட்டு அனுப்பும் கட்டணத்தை டிக்கெட் எடுக்கும்போதே கட்டிவிடுங்கள்; கவுண்டரில் போய் நின்றால் கூடக் கேட்பார்கள். பவர் பேங்க்கை மட்டும் அந்தப் பெட்டியில் போடாதீர்கள், அது கையோடுதான் வர வேண்டும்.

வயதானவர்களுக்கும் ட்ரோலிதான். அம்மாவுக்கு முதுகுப்பை வாங்கித் தரட்டுமா என்று கேட்டேன். "முதுகுல மூட்டை தூக்குற வயசாடா எனக்கு? நான் உருட்டிக்கிட்டே வரேன், நீ கிராப் கார் கூப்பிடு" என்றார். முழங்கால் வலியும் தோள் வலியும் உள்ளவருக்கு அதுவே நியாயம். ஆனால் அவரோடு போகும்போது விடுதியையும் மாற்ற வேண்டும். லிப்ட் உள்ள ஓட்டல், வாசல்வரை கார். கனமான பெட்டியோடு அவரை ஐந்தடியில் நடக்கவிடக் கூடாது.

தூக்குப்பையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றிலும் இதுதான் கனம் குறைவு, விலையும் குறைவு, பேருந்து இருக்கைக்கு அடியில் எப்படி வேண்டுமானாலும் நசுங்கிப் படுக்கும். ஆனால் நாலு கிலோவை ஒரே தோளில் மாட்டிக்கொண்டு அரைமணி நேரம் நடந்து பாருங்கள். இங்கே இன்னொரு கவலையும் இருக்கிறது: மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறித்துக்கொண்டு போகிறவர்கள். ஒரு தோளில் தொங்கும் பைதான் அவர்களுக்கு வசதி. பட்டை அறுபடாவிட்டால் ஆளையே இழுத்துக்கொண்டு போகும். தூக்குப்பைதான் என்றால் குறுக்கே மாட்டி, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வைத்து நடங்கள். காரில் போய் காரில் திரும்புகிறவருக்கு இந்தக் கவலையெல்லாம் இல்லை. அவர் தாராளமாகத் தூக்குப்பை எடுக்கலாம்.

பை முடிவானால் அடுத்த போட்டி: எல்லாவற்றையும் கொண்டுபோவதா, அங்கே துவைத்துக்கொள்வதா. இரண்டு ராத்திரிக்கு என் ஓட்டு பாதிக்குப் பாதி. உடம்பில் ஒன்று, பையில் இரண்டு. நாணயம் போட்டுத் துவைக்கும் டோபிக் கடைகள் ஜார்ஜ் டவுனிலும் இருக்கின்றன. துவைத்துக் காயவைத்து எடுக்க ஒரு மணி நேரம் போதும், சில வெள்ளிதான் (ரிங்கிட்) செலவு. அறையிலேயே அலசிப் போடுவதானால் துணியைப் பார்த்து எடுத்துப் போக வேண்டும். தடித்த பருத்திச் சட்டை பினாங்கின் ஈரக்காற்றில் காலைக்குள் காயாது, நாற்றம் வேறு அடிக்கும். பாலியஸ்டர் கலந்த மெல்லிய துணி காற்றாடிக்கு அடியில் விடியுமுன் காய்ந்துவிடும்.

துவாலையா கைலியா என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை, கைலிதான். குளித்துத் துவட்டலாம், உடுத்திப் படுக்கலாம், இடிஎஸ் பெட்டியின் ஏசிக் குளிருக்குப் போர்த்திக்கொள்ளலாம். துவாலையில் பாதி இடம்கூடப் பிடிக்காது, சீக்கிரம் காயும். கால்களுக்கு, பின்பட்டை உள்ள செருப்பு ஒரே ஜோடி. கோயில் வாசலில் கழற்றவும் எளிது, மழையில் நனைந்தாலும் சப்பாத்து மாதிரி நாள் முழுக்க ஊறிக் கிடக்காது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளும் ஏறப் போகிறீர்கள் என்றால் மாற்றுச் சட்டையையும் கோடாலித் தைலத்தையும் மறக்கவேண்டாம்.

திரும்பும்போது பை கனக்கும். தம்புன் பிஸ்கட், சாதிக்காய் ஊறல், லிட்டில் இந்தியாவில் பலகாரம் என்று யாராவது ஒருவர் சொல்லியனுப்பியிருப்பார். விமானம் என்றால் போகும்போதே 5 கிலோவுக்குள் நிறுத்திவிடுங்கள். அந்த 7 கிலோ திரும்பி வரும்போதும் அதே 7 கிலோதான். ரயில் என்றால் தராசு யாரும் வைப்பதில்லை. மடித்துப் போட்ட துணிப்பை ஒன்று முதுகுப்பையின் அடியில் இருந்தால், பிஸ்கட் நொறுங்காமல் மடியில் வைத்துக்கொண்டே கேஎல் சென்ட்ரல் வந்துவிடலாம்.