மோல்டேவா, மான்செஸ்டரா: பயிற்சியாளர் சோல்ஷாரை எதை வைத்து எடைபோடுவது?

மான்செஸ்டர் யுனைடெட்டின் நார்வே கால்பந்து வீரர் ஓலே குன்னார் சோல்ஷார் என்றதும் எல்லோருக்கும் 1999 மே 26 இரவுதான் நினைவுக்கு வரும். பார்சிலோனாவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். 81-வது நிமிடத்தில் மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர், ஆட்டம் முடியும் தறுவாயில் பேயர்ன் மியூனிக்கின் கோல் வாசலில் நின்றார். பெக்காம் கார்னர் அடிக்க, ஷெரிங்ஹாம் தலையால் தட்டிவிட, சோல்ஷார் காலை நீட்டினார். பந்து வலையின் மேற்பகுதியில் போய் அடித்தது. 2-1. அதே ஆண்டு பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராக 72-வது நிமிடத்தில் இறங்கி 4 கோல் போட்டவரும் இவர்தான். பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். எதிரணித் தடுப்பாளர்கள் எங்கே கோட்டை விடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். யுனைடெட்டுக்காக 366 ஆட்டங்களில் 126 கோல். முழங்கால் ஒத்துழைக்காமல் 2007-இல் ஓய்வு பெற்றார்.

அப்புறம் பயிற்சியாளர் வாழ்க்கை. அதை அலசுபவர்கள் பெரும்பாலும் மான்செஸ்டரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அது நியாயமில்லை என்பது என் எண்ணம்.

முதலில் மோல்டே. நார்வேயின் கடலோரச் சின்ன ஊர்; ஆட்டக்காரராக 1995-இல் 26 லீக் ஆட்டங்களில் 20 கோல் போட்ட அதே கிளப். 2011-இல் அவர் பொறுப்பேற்றபோது கிளப்புக்கு வயது நூறு. பலமுறை இரண்டாம் இடம் வந்தும், ஒரு தடவைகூட லீக் பட்டம் வென்றதில்லை. சோல்ஷாரின் முதல் லீக் ஆட்டமே, அப்போதுதான் முதல்நிலை லீக்குக்கு ஏறி வந்திருந்த சார்ப்ஸ்போர்க்கிடம் 0-3 தோல்வி. ஆனால் அந்த ஆண்டே பட்டம் வந்தது! 2012-இல் மறுபடியும். 2013-இல் நார்வே கோப்பை. இடையில் விலகி, 2015-இல் மோல்டேவுக்குத் திரும்பி வந்தபின் அவர் வளர்த்த ஆட்டக்காரர்களில் ஒருவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற எர்லிங் ஹாலண்ட். 2018-இல் பிரான் அணிக்கு எதிராக அந்தப் பையன் முதல் 21 நிமிடத்தில் 4 கோல் போட்டான்.

இனி மான்செஸ்டர். 2018 டிசம்பரில் தற்காலிகப் பொறுப்பு. முதல் 19 ஆட்டங்களில் 14 வெற்றி. சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்றபின், பாரிஸில் பி.எஸ்.ஜி. (பாரிஸ் செயின்ட் ஜெர்மைன்) அணியை 3-1 என்று வென்று முன்னேறிய இரவும் இதில் அடக்கம். 2020-21 லீக்கில் வெளியூர் ஆட்டம் ஒன்றில்கூடத் தோற்காமல் இரண்டாம் இடம். இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் கோப்பை ஒன்றும் வரவில்லை. 2021 மே 26, அதே தேதி, கடான்ஸ்க் நகரில் யூரோப்பா லீக் இறுதி ஆட்டம். எதிரணியான ஸ்பெயினின் வில்லாரியல் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தது. சோல்ஷார் தன் முதல் மாற்று ஆட்டக்காரரை இறக்கியது 100-வது நிமிடத்தில். பெனால்டியில் 10-11 என்று கைநழுவியது. இன்றைக்கும் எனக்கு ஆறாத இரவு அது. அந்த நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 1-4 தோல்விக்குப் பின் பதவி போனது.

இதை வைத்துத்தான் 'பாதியில் இறங்கி ஆட்டத்தை மாற்றத் தெரியும், முழு ஆட்டம் நடத்தத் தெரியாது' என்கிறார்கள். மோல்டேவைப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். அங்கே அவர் முதல் நாளிலிருந்தே கூட இருந்து அணியைக் கட்டினார். சரி, 2014-இல் அவர் பயிற்சியளித்த கார்டிஃப் அணி இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதே என்று கேட்கலாம். சீசன் நடுவே, ஏற்கெனவே தத்தளித்த அணியில் போய் ஏறினார்; அங்கே சரியாகச் செய்யவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

என் ஓட்டு மோல்டேவுக்கு. மான்செஸ்டரில் ஒரு வாரம் தோற்றாலே 'அடுத்த மேனேஜர் யார்' என்ற பேச்சு கிளம்பிவிடும். சார்ப்ஸ்போர்க்கில் 3 கோல் வாங்கிய அன்று மோல்டேயில் யாரும் அவசரப்படவில்லை. ஏழு மாதத்தில் நூறாண்டுக் காத்திருப்பு முடிந்தது.