கருத்தடை ஆபரேஷன் முடிந்த நாய்க்குக் கூம்பா, பனியனா?

தையலோடு வீட்டுக்கு வந்த நாய் புண்ணை நக்காமல் இருக்க, கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டலாம். இல்லையென்றால் வயிற்றை மூடும் துணிச்சட்டை போடலாம். தையல் பிரிக்க 10 முதல் 14 நாள் ஆகும், அதுவரை இதே பாடுதான்.

செலவு: கூம்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சட்டைக்கு வீட்டுப் பழைய பனியனே போதும்.

சாப்பாடு, தூக்கம்: கூம்பு கிண்ணத்தில் இடிக்கும், கதவு நிலையில் முட்டும். பனியனில் அந்தத் தொல்லை இல்லை.

ஈரம்: பனியன் மூத்திரத்தில் நனையும். நனைந்த துணி தையல்மேல் ஒட்டிக் கிடக்கக் கூடாது.

வீக்கம்: எனக்கு இதுதான் முக்கியம். கூம்பு என்றால், நாய் மல்லாந்தாலே தையல் தெரியும். பனியனை ஒவ்வொரு தடவையும் அவிழ்க்கணும். சோம்பலில் நான் ஒருநாள் விட்டுவிட்டேன். மறுநாள் தையலருகே எலுமிச்சை அளவில் மெத்தென்று புடைப்பு. தோலுக்கடியில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். குதிப்பதை நிறுத்தியதும் மெல்ல வற்றியது.

முதல் இரண்டு மூன்று நாள் லேசான வீக்கம் சகஜம். நாளுக்கு நாள் பெருத்தாலோ, தொட்டால் சுட்டாலோ, சீழ் கசிந்தாலோ அன்றே டாக்டரிடம் போய்விடுங்கள். நம் வலி மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள்.

பகலில் ஆள் இல்லாத வீடு, விடாமல் நக்கும் நாய்: கூம்பு. கூம்பைக் கண்டாலே மிரளும் நாய், கூடவே ஆள் இருக்கும் வீடு: பனியன். ஆனால் காலையும் மாலையும் அவிழ்த்து, செல்போனில் ஒரு படம் எடுத்து முந்தைய நாள் படத்தோடு வைத்துப் பாருங்கள்.