வீகன் சீஸ்: எதை வாங்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

நான் சீஸை விட்டவன் இல்லை, விடுகிற எண்ணமும் இல்லை. நன்றாக முதிர்ந்த செடார் ஒரு துண்டு கையில் கிடைத்தால் ரொட்டி கூடத் தேடாமல் அப்படியே கடித்துத் தின்கிற ஆள். ஆனால் வீட்டில் ஒருவருக்குப் பால் புரதம் ஒத்துக்கொள்ளாது, நெருங்கிய நண்பர் ஒருவர் வீகன், அதாவது பால் உட்பட விலங்கிலிருந்து வருகிற எதையும் தொடாதவர். அதனால் தாவர சீஸ் என்ற பெயரில் விற்கிற ஸ்லைஸ், துருவல், கட்டி, டப்பா எல்லாவற்றையும் கொஞ்ச காலமாக வாங்கித் தின்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதைப் பற்றி இணையத்தில் எழுதுகிறவர்களில் பாதிப் பேர் "வித்தியாசமே தெரியலை" என்று சத்தியம் செய்கிறார்கள், மீதிப் பேர் "சுத்த பிளாஸ்டிக்" என்று முடித்துவிடுகிறார்கள். எந்த வகையைத் தின்றுவிட்டு அப்படிச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் ரெண்டு பேருமே எழுதுவதில்லை. விஷயமே அதில்தான் இருக்கிறது.

முதலில் பால் சீஸ். நல்ல சீஸ் ஏன் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால்தான் மாற்று எங்கே சறுக்குகிறது என்று புரியும். பாலில் இருக்கிற கேசின் என்ற புரதம், ரென்னெட் என்ற பாலைத் திரிக்கும் நொதிப் பொருள் பட்டதும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வலையாகிறது, கொழுப்பும் ஈரமும் அதற்குள் மாட்டிக்கொள்கின்றன, கால்சியம் அந்த வலையை இறுக்கிப் பிடிக்கிறது. பீட்சாவில் மொஸரெல்லா நூல் நூலாக இழுபடுவது இந்த வலையால்தான். அப்புறம் மாதக்கணக்கில் கிடக்கும்போது பாக்டீரியாவும் நொதிகளும் புரதத்தை அமினோ அமிலங்களாக உடைக்கின்றன, கொழுப்பிலும் கொஞ்சம் கை வைக்கின்றன, வாசனையும் நாக்கைச் சுண்டும் அந்தச் சுவையும் அங்கிருந்து வருகின்றன. பழைய கௌடா சீஸையோ பார்மிஜானோ ரெஜ்ஜானோவையோ (பார்மெசான் என்று நாம் சொல்வதன் இத்தாலிய அசல்) உடைத்தால் உள்ளே வெள்ளைப் புள்ளிகள் தெரியும், கடித்தால் நறுக்கென்று பல்லில் படும். பலர் உப்பு என்று நினைக்கிறார்கள். உப்பு இல்லை, பெரும்பாலும் டைரோசின் என்ற அமினோ அமிலம் படிகமாகி நிற்பது. பார்மிஜானோ குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும் என்பது விதி, சக்கர வடிவிலான ஒரு முழுக் கட்டி 40 கிலோ அளவுக்கு வரும், அதற்கு ஏறக்குறைய 550 லிட்டர் பால் போகிறது. இந்தக் கணக்கைப் படித்த பிறகு சீஸை அள்ளி அள்ளிப் போடுகிற பழக்கம் எனக்குக் குறைந்தது, குறைவாக வாங்கினாலும் நல்லதாக வாங்குவது என்று ஆகிவிட்டது.

அப்படி நல்லதாக வாங்கியதை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு தின்றால் காசு வீண். முக்கால் மணி நேரமாவது வெளியே வைத்துவிட்டுச் சாப்பிடுங்கள், அதே துண்டு வேறு சீஸ் ஆகிவிடும்.

இப்போது தாவரப் பக்கம். கடையில் கண்ணில் படுவதில் பெரும்பங்கு ஸ்லைஸும் துருவலும்தான், எனக்கு அதிகம் ஏமாற்றம் தந்ததும் இவைதான். பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: தண்ணீர், தேங்காய் எண்ணெய், ஸ்டார்ச், உப்பு, ஃப்ளேவர், நிறத்துக்குக் கரோட்டின். புரதம் பூஜ்யம், இல்லாவிட்டால் அதற்கு மிகப் பக்கத்தில். கேசின் வலை இருக்க வேண்டிய இடத்தில் ஸ்டார்ச் கெட்டிப்பட்டு நிற்கிறது, அவ்வளவுதான். கொழுப்பும் சொதப்புகிறது. பால் கொழுப்பு ஒரே சூட்டில் உருகுவதில்லை, குளிரிலேயே இளக ஆரம்பித்து வாய்ச் சூடு வரைக்கும் படிப்படியாக உருகும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி பக்கம் வந்ததும் சட்டென்று உருகிவிடும். அதனால்தான் இந்த ஸ்லைஸ் வாயில் போட்டதும் மெழுகாக இருந்து அடுத்த நிமிஷம் எண்ணெயாகிவிடுகிறது, நடுவில் எதுவுமே நடப்பதில்லை.

சூடான வாணலியில் ஒரு ஸ்லைஸைத் தனியாகப் போட்டுப் பார்த்தால் இன்னும் நன்றாகத் தெரியும். ஓரம் முதலில் கண்ணாடியாகத் தெளிகிறது, மேலே எண்ணெய் பொட்டுப் பொட்டாக வியர்க்கிறது, நடுப்பகுதி மட்டும் சதுரம் கலையாமல் அப்படியே நிற்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஓரம் வறண்டு தோலாகிவிடும், பால் சீஸ் மாதிரி பொன்னிறமாகி மொறுமொறுவென்று வராது, அப்படிச் சிவக்கப் புரதம் வேண்டும், இதில் அது இல்லை. சாண்ட்விச்சுக்குள் வைத்து, மேலே கடுகு சாஸ், ஊறுகாய் போட்ட வெள்ளரிக்காய் என்று நாலு விஷயம் சேர்த்தால் ஓடிவிடும், உப்பும் வழவழப்பும் கிடைக்கும். தனியாகத் தின்ன முடியாது. நான் வாங்கியதில் ஒரு கம்பெனியின் "முதிர்ந்த செடார் சுவை" ஸ்லைஸில் சிப்ஸ் பாக்கெட் பிரித்தால் வருகிற வாசனை வந்தது, பாதிப் பாக்கெட் ஃப்ரிட்ஜிலேயே கிடந்து குப்பைக்குப் போனது.

துருவல் கதையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் இதைக் காப்பாற்ற ஒரு வழி இருக்கிறது. தாவரத் துருவலுக்கு வறண்ட சூடு ஆகாது, ஈரச் சூடு வேண்டும். பீட்சாவில் போடும்போது தக்காளி சாஸோடு ஒட்டிக் கிடக்கிற மாதிரி மெல்லிசாகத் தூவுங்கள், மேலே குவிக்காதீர்கள். வாணலியில் செய்தால் சில சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடி போட்டுவிடுங்கள், ஆவியில் உருகிவிடும். மரவள்ளி ஸ்டார்ச் சேர்த்தவை கொஞ்சம் இழுபடவும் செய்யும். இழுபடுகிறதே என்று பார்த்து மகிழலாம், வாயில் போட்டால் அது சீஸின் இழுவை இல்லை, பிசுக்கு.

சரி, திட்டியது போதும். ஃபெட்டா வகையையும் க்ரீம் சீஸ் வகையையும் தயங்காமல் வாங்கலாம். யோசித்துப் பார்த்தால் காரணம் எளிது, இந்த இரண்டும் உருக வேண்டியதில்லை, இழுபட வேண்டியதில்லை, வருஷக்கணக்கில் முதிர்ந்த சுவையும் யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஃபெட்டாவிடம் நாம் கேட்பது உப்பு, புளிப்பு, விரலால் அழுத்தினால் உதிரும் தன்மை, மூன்றுமே தாவரத்தில் வருகிறது. பாதாமில் செய்த ஃபெட்டா ஒன்று, தக்காளி, ஆலிவ், வெங்காயம் போட்ட சாலட்டில் கலந்து வைத்தேன், வந்திருந்தவர்கள் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. சாலட் கிண்ணம் காலியானதுதான் சான்று. க்ரீம் சீஸில் மட்டும் ஒரு எச்சரிக்கை: சிலவற்றில் இனிப்பு தூக்கலாக இருக்கும், ரொட்டியில் தடவினால் கேக் க்ரீம் தின்பது போலாகிவிடும், சர்க்கரை அளவைப் பார்த்து வாங்குங்கள்.

பார்மெசானுக்கு மாற்றாக விற்கிற பொடிகளும் பரவாயில்லை. பொடித்த முந்திரி அல்லது பாதாம், ந்யூட்ரிஷனல் ஈஸ்ட் (சுவைக்காகத் தூவுகிற, உயிரில்லாத ஈஸ்ட் செதில்), உப்பு, கொஞ்சம் பூண்டுப் பொடி. பாஸ்தா மேல் தூவ இது போதும், உமாமி என்கிற அந்த ஆழ்ந்த காரச்சாரமில்லாச் சுவை ஈஸ்ட்டிலிருந்து வந்துவிடுகிறது. ஆனால் இதை எதற்குக் காசு கொடுத்து வாங்க வேண்டும்? மிக்ஸியில் ஒரு நிமிஷ வேலை, அதுவும் நிறுத்தி நிறுத்தி அடிக்க வேண்டும், விடாமல் ஓட்டினால் முந்திரி வெண்ணெயாகிவிடும்.

எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது முந்திரியை உறை ஊற்றிப் புளிக்க வைத்துச் செய்கிற வட்டங்கள். முந்திரியை ஊற வைத்து விழுதாக அரைத்து, லாக்டிக் அமில பாக்டீரியா சேர்த்து ஒன்றிரண்டு நாள் புளிக்க விடுகிறார்கள், சிலர் அதன் மேல் கமாம்பேர் என்ற மென்மையான பிரெஞ்சு சீஸில் வளர்க்கிற அதே வெள்ளைப் பூஞ்சையை வளர்த்து வாரக்கணக்கில் முதிரவும் வைக்கிறார்கள். அமெரிக்காவில் 2014-ல் தொடங்கிய மியோகோஸ் மாதிரியான நிறுவனங்கள் முந்திரி சீஸைப் பெரிய அளவில் கடைகளுக்குக் கொண்டுவந்தன, சின்னச் சின்னத் தயாரிப்பாளர்களும் இப்போது நிறைய. நன்றாக முதிர்ந்த ஒரு வட்டத்தை வெட்டினால் வெளியே வெல்வெட்டுத் தோல், அதற்குச் சற்று உள்ளே இளகிய ஒரு வளையம், நடுவில் கொஞ்சம் கெட்டியான வெள்ளை. காளான் வாசனை வருகிறது, புளிப்பு தானாக வந்த புளிப்பு என்று நாக்குக்குத் தெரிகிறது, ஃப்ளேவர் ஊற்றி வந்ததில்லை. கடைசியில் ஒரு முந்திரி இனிப்பு வந்து காட்டிக்கொடுக்கும், அது எனக்கு உறுத்தவில்லை. இதைக் கமாம்பேர் என்று சொல்லிக் கொடுத்து யாரையும் ஏமாற்ற முடியாது, ஏமாற்றவும் வேண்டாம், இது தனியாகவே ஒரு நல்ல தின்பண்டம்.

நீலப் பூஞ்சை ஓடுகிற ப்ளூ சீஸில் போட்டி இன்னும் நெருக்கம். ராக்ஃபோர் என்ற பிரெஞ்சு ப்ளூ சீஸுக்கு அந்த ஊசிக் குத்தல் சுவையைத் தருவதில் பெரும்பங்கு பெனிசிலியம் ராக்ஃபோர்ட்டி என்ற பூஞ்சையுடையது, அதற்குக் கொழுப்பு கிடைத்தால் போதும், செம்மறி ஆட்டுப் பாலா முந்திரியா என்று அது பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. 2024-ல் அமெரிக்காவில் குட் ஃபுட் அவார்ட்ஸ் என்ற விருதில் க்ளைமாக்ஸ் என்ற நிறுவனத்தின் தாவர ப்ளூ சீஸ் பால் சீஸ்களோடு நின்று இறுதிச் சுற்று வரை வந்தது, பிறகு பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது, அதை ஒட்டிப் பெரிய சண்டையே நடந்தது. சண்டை யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும், சுவை பார்த்தவர்கள் அதை அதுவரை கொண்டுவந்தார்கள் இல்லையா.

எனக்கு வாங்கும்போது இப்போது ஒரே ஒரு சோதனைதான். பொருள் பட்டியலில் முதல் இடத்தில் கொட்டையோ பருப்போ இருக்கிறதா, எங்காவது கல்ச்சர், அதாவது புளிக்க வைக்கிற நுண்ணுயிர், என்று போட்டிருக்கிறதா? இரண்டும் இருந்தால் எடுக்கிறேன். தண்ணீரும் தேங்காய் எண்ணெயும் முன்னால் நின்றால் பெரும்பாலும் வைத்துவிடுகிறேன்.

உடம்புக்கு நல்லது என்று நினைத்து மாறுகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். செடாரில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவுக்குப் புரதம், 700 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம். தேங்காய் எண்ணெய் ஸ்லைஸில் புரதம் இல்லை, கால்சியமும் வைட்டமின் பி12-ம் தனியாகச் சேர்த்திருந்தால்தான் உண்டு, நிறைவுற்ற கொழுப்பு மட்டும் கிட்டத்தட்ட செடார் அளவுக்கே இருக்கும். தாவரம் என்று எழுதியிருப்பதால் லேசாகிவிடாது. முந்திரி வகையில் புரதம் கொஞ்சம் தேறும், ஆனால் கொட்டை அலர்ஜி உள்ளவர்கள் கிட்டவே போகக் கூடாது.

இன்னொன்று, பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பதற்காக மட்டும் சீஸைத் துறந்தவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். லாக்டோஸ் என்ற பால் சர்க்கரைதான் பிரச்சினை என்றால் முதிர்ந்த செடார், பார்மிஜானோ, பழைய கௌடா இவற்றில் அது ஏறக்குறைய இல்லவே இல்லை, சீஸ் செய்யும்போது வடிகிற நீரோடு போனது போக மீதியைப் பாக்டீரியா தின்றுவிடுகிறது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொஞ்சமாகச் சாப்பிட்டுப் பார்க்கலாம். பால் புரதம் அலர்ஜி என்றால் அது வேறு கதை, அவர்கள் "லாக்டோஸ் இல்லாதது" என்று போட்ட பால் சீஸையும் தொடக் கூடாது, அதில் கேசின் முழுசாக இருக்கும். சைவம் பார்க்கிறவர்களுக்கும் ஒன்று: பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த ரென்னெட்தான் சேர்க்க வேண்டும் என்பது விதி. மற்ற பல சீஸ்களில் ரென்னெட்டில் வேலை செய்கிற கைமோசின் என்ற நொதியை நுண்ணுயிர் வழி தயாரித்துச் சேர்ப்பது வந்துவிட்டது, அமெரிக்காவில் அதற்கு 1990-லேயே அனுமதி கொடுத்தாயிற்று, லேபிளில் தேடினால் கிடைக்கும்.

நுண்ணுயிர் என்றதும் நான் ஆவலாகக் காத்திருப்பது அடுத்த கட்டத்துக்கு. ஈஸ்ட் மாதிரியான உயிர்களை வைத்து மாடில்லாமல் கேசினையே தயாரிக்கச் சில நிறுவனங்கள் முயன்றுகொண்டிருக்கின்றன. அது கைகூடினால் உருகுவது, இழுபடுவது, சிவப்பது எல்லாம் சரியாகிவிட வாய்ப்பிருக்கிறது, ஏனென்றால் அந்த வலையே வந்துவிடும். வந்தால் முதல் ஆளாக வாங்குவேன். ஆனால் பால் புரத அலர்ஜி இருக்கிறவர்களுக்கு அது பால் சீஸ்தான். முன்பக்கத்தில் மாடு இல்லை, வீகன் என்று எவ்வளவு பெரிய எழுத்தில் போட்டிருந்தாலும் பின்பக்கத்தில் பால் புரதம் உள்ளது என்ற சின்ன வரியைத் தேடிப் படித்துவிட்டுத்தான் வாயில் வைக்க வேண்டும்.